வீட்டு ஒயினும் வேதியியலும்

முன்னுரை

இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறது. உறை ஊற்றிய பால் தயிராகிறது. இவற்றை நாள்தோறும் காண்கிறோம். நாள்தோறும் காண்பதாலேயே வியப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் நம் அடுக்களையில் செய்யும் இவ்வேலைக்கு நொதித்தல் என்று பெயர். இதே வகையான வேலையைக் கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறு நாட்டின் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, திராட்சை அறுவடை முடிந்த கையோடு, மண்ணில் புதைத்த பெருஞ்சாடிகளில் செய்து வருகின்றன. அந்நாடு ஜார்ஜியா. அமெரிக்காவில் இப்பெயரில் ஒரு மாநிலம் உண்டு. நாம் கூறுவது அதனை அன்று. காக்கசஸ் மலைத்தொடரின் தெற்கே அமைந்த ஜார்ஜிய நாட்டையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம்.

ஒயின் என்றதும் ஆலையும், கண்ணாடிப் புட்டியும், அதன்மேல் ஒட்டிய சீட்டுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் ஜார்ஜியக் கிராமங்களில் அது முதற்கண் வீட்டுப் பொருள். நம் வீடுகளில் ஊறுகாய் போடுவது போல அங்கே ஒவ்வொரு வீட்டிலும் தம் தேவைக்கு ஒயின் செய்து வைக்கின்றனர். அம்முறையின் படிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் பின்னுள்ள வேதியியலைக் காண்பதும், ஆலைகள் ஒதுக்கிய ஒரு முறையை வீடுகள் எவ்வாறு காத்தன என்பதைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம். மது அருந்துவதைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று.

அறுவடை

நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை கிடைக்கிறது. குளிர் நாடுகளில் அவ்வாறில்லை. அங்கே கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும்; இளவேனிலில் துளிர்க்கும்; ஆண்டுக்கு ஒரே ஒரு முறை பழுக்கும். ஆகவே அறுவடை என்பது தவறவிட முடியாத ஒரு பருவம். ஜார்ஜியர் இதனை 'ருத்வேலி' என்பர். நாட்டின் கிழக்குப் பகுதியாகிய ககேத்தியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், மேற்குப் பகுதிகளில் சற்றுப் பின்னரும் இது நடைபெறும். நகரங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் உறவினரும் அந்நாட்களில் ஊருக்கு வந்து விடுவர். நமக்குப் பொங்கல் எப்படியோ அப்படி அவர்களுக்கு ருத்வேலி.

எப்போது பறிப்பது என்பதே முதல் கேள்வி. பழம் முதிர முதிர அதில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். முன்னதாகப் பறித்தால் ஒயின் புளிக்கும். மிகவும் பின்தள்ளினால் மழையும் பூஞ்சணமும் பழத்தைக் கெடுக்கும். கருவி இல்லாக் காலத்தில் பழத்தைக் கடித்து, விதையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்தனர். விதை பச்சையாக இருந்தால் பழம் முற்றவில்லை; பழுப்பேறி, கடித்தால் நொறுங்கினால் முற்றியது எனக் கொண்டனர். இன்று சாற்றின் ஒரு துளியைக் கொண்டே சர்க்கரையின் அளவை அறியும் சிறு கருவி வந்துள்ளது. முதிர்ந்த ஒயின் திராட்சையின் சாற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 240 கிராம் வரை சர்க்கரை இருக்கும். இது குளுகோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய இரண்டின் கலவையாகும்.

மிதித்தல்

பறித்த குலைகளை, பெரிய மரத்தின் அடிப்பகுதியைக் குடைந்து செய்த தொட்டியில் கொட்டி, காலைக் கழுவிக்கொண்டு மிதிப்பது பழைய வழக்கம். சிறு கையியந்திரத்தால் நசுக்குவோரும் உளர். காலால் மிதிப்பதில் ஒரு நன்மை உண்டு. பழம் நசுங்கும், விதை நசுங்காது. விதை உடைந்தால் அதிலுள்ள கசப்பு எண்ணெயும் மிகுதியான துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும்.

நூறு கிலோ பழத்திலிருந்து அறுபது முதல் எழுபது லிட்டர் வரை சாறு கிடைக்கும். எஞ்சிய தோல், விதை, காம்பு ஆகியவற்றுக்கு 'சாச்சா' என்று பெயர். பிற நாடுகளில் வெள்ளை ஒயின் செய்யும்போது தோலை உடனே நீக்கிவிடுவர். ககேத்தியில் அவ்வாறு நீக்குவதில்லை. சாற்றையும் சாச்சாவையும் சேர்த்தே சாடியில் இடுகின்றனர். ஆகவேதான் 'ருகாட்சித்தேலி' என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து அவர்கள் செய்யும் ஒயின் வெளிறிய நிறமாக இராமல் தேன் நிறமாக இருக்கிறது. மேற்கிலுள்ள இமெரெத்தியில் சாச்சாவில் ஒரு சிறு பகுதியை மட்டுமே சேர்ப்பர். 'சப்பெராவி' என்பது கருந்திராட்சை. பெரும்பாலான கருந்திராட்சைகளில் தோலில் மட்டுமே நிறம் இருக்கும். இதில் சதையும் சிவப்பு. சாயம் என்னும் பொருளிலேயே அதற்கு இப்பெயர் அமைந்தது.

சாடி

அந்தச் சாடியின் பெயர் 'க்வெவ்ரி'. முட்டை வடிவமான மட்கலம் அது. கீழே கூம்பியும், இடையில் அகன்றும், வாய் குறுகியும் இருக்கும். நூறு லிட்டர் கொள்ளும் சிறியனவும் உண்டு. மூவாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரியனவும் உண்டு. குயவர் இதனைச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் திரி போல் உருட்டி, வளையம் வளையமாகக் கையாலேயே அடுக்கி உயர்த்துகின்றனர். ஒரு வளையம் சற்று உலர்ந்து உறுதிப்பட்ட பின்னரே அடுத்ததை வைக்க முடியும். ஆகவே ஒரு பெரிய சாடியை எழுப்பப் பல வாரங்கள் ஆகும். சூளையில் சுட்டபின், சூடு முற்றும் ஆறுமுன் உட்புறத்தில் தேன்மெழுகைப் பூசுவர். மெழுகு மண்ணின் நுண்துளைகளில் இறங்கி ஒயின் கசிவதைத் தடுக்கிறது, கழுவுவதையும் எளிதாக்குகிறது.

இச்சாடியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து விடுவர். சாடிகள் புதைந்துள்ள அறைக்கு 'மரானி' என்று பெயர். மண்ணுக்குள் ஏன் புதைக்க வேண்டும்? நொதித்தல் வெப்பம் உமிழும் வினை. சாற்றின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். வேலை பாதியில் நின்றுவிடும். சுற்றியுள்ள ஈரமண் அவ்வெப்பத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் வெளியே பனி பெய்தாலும், ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் மனிதன் கண்ட குளிர்பதன முறை இது எனலாம்.

நொதித்தல்

திராட்சைத் தோலின்மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம் காணப்படும். அதுவே ஈஸ்ட் என்று பலர் எண்ணுகின்றனர். அது பழம் தன் ஈரத்தைக் காக்கத் தானே சுரந்த மெழுகு. ஈஸ்ட் உயிரணுக்கள் அதன்மீதும், மிதிக்கும் தொட்டியிலும், அறையின் காற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளன. வீட்டு முறையில் கடையில் வாங்கிய ஈஸ்டைச் சேர்ப்பதில்லை. சாறு தானாகவே ஓரிரு நாட்களில் பொங்கத் தொடங்கும்.

முதலில் பலவகை ஈஸ்டுகள் ஒருங்கே வேலையைத் தொடங்குகின்றன. ஆல்கஹால் சில விழுக்காடு ஏறியதும் வலுவற்ற வகைகள் மடிகின்றன. ஆல்கஹாலைத் தாங்கவல்ல 'சாக்கரோமைசிஸ் செரிவிசியே' மட்டும் எஞ்சி வேலையை முடிக்கிறது. ரொட்டியைப் பொங்கச் செய்வதும் இவ்வினமே.

இங்கே நிகழும் வினை எளியது. ஒரு மூலக்கூறு குளுகோஸ் சிதைந்து இரண்டு மூலக்கூறு எத்தில் ஆல்கஹாலும் இரண்டு மூலக்கூறு கார்பன்-டை-ஆக்சைடும் உண்டாகின்றன. எடையில் கூறினால், 180 கிராம் குளுகோஸிலிருந்து 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்கும். நடைமுறையில் ஈஸ்ட் தன் வளர்ச்சிக்கும் சிறிது சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு விழுக்காடு ஆல்கஹால் என்பது அனுபவக் கணக்கு. 200 கிராம் சர்க்கரையுள்ள சாறு 12 விழுக்காட்டை நெருங்கும்.

இவ்வினை உயிரணுக்களின் செயல் என்பதை லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் இடையில் நிறுவினார். 1897இல் எட்வர்டு புக்னர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த உயிரணுவற்ற சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். வினையை நடத்துவது உயிரணுவிலுள்ள நொதிகள் என்பது அதனால் விளங்கிற்று. 1907இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உயிர்வேதியியல் என்னும் துறை ஒயின் சாடியிலிருந்து பிறந்தது என்றாலும் மிகையன்று.

நொதிக்கும்போது எழும் வாயு, தோலையும் காம்பையும் தூக்கி மேலே ஒரு தடித்த மூடிபோல் நிறுத்தும். அம்மூடியை நாள்தோறும் பல முறை நீண்ட கழியால் அமிழ்த்திக் கலக்க வேண்டும். இரவிலும் எழுந்து கலக்குவோர் உண்டு. கலக்காவிட்டால் காற்றுப்படும் மேற்பரப்பில் 'அசெட்டோபாக்டர்' என்னும் பாக்டீரியா பெருகி ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்கிவிடும். ஒயின் புளித்துக் காடியாகும். ஓராண்டு உழைப்பு இரண்டு நாள் சோம்பலில் வீணாகும்.

காணாத பகைவன்

வெளியேறும் வாயுவைப் பற்றி நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் சாற்றில் 200 கிலோ சர்க்கரை உள்ளது எனக் கொள்வோம். அதிலிருந்து ஏறத்தாழ 98 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளிவரும். 44 கிராம் வாயு, திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே 98 கிலோ வாயு ஏறத்தாழ ஐம்பதாயிரம் லிட்டர் இடத்தை அடைக்கும். ஐந்து மீட்டர் நீளமும், நான்கு மீட்டர் அகலமும், இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு இதே ஐம்பதாயிரம் லிட்டர்தான். ஒரே ஒரு சாடி, சில நாட்களில், ஓர் அறையையே நிரப்பிவிடும் என்பது இதன் பொருள்.

இவ்வாயுவுக்கு நிறமில்லை. காற்றைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே தரைமட்டத்திலும், குழியிலும், வெறுமையான சாடியின் உள்ளேயும் தேங்கும். ஒயின் செய்யும் எல்லா நாடுகளிலும் இதனால் உயிரிழந்தோர் உண்டு. ஒருவர் உள்ளே மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் விழுவதே இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் காணும் கொடுமை.

பழங்காலத்தில் ஒரு விளக்கை உள்ளே இறக்கிப் பார்ப்பர். சுடர் அணைந்தால் இறங்க மாட்டார்கள். இம்முறை முழுமையான காப்பன்று என்பதை இன்று அறிவோம். சுடர் அணையும் அளவை எட்டும் முன்னரே வாயு மனிதனுக்கு மயக்கத்தை உண்டாக்கிவிடும். கதவு, சன்னல்களைத் திறந்து வைத்தலும், தனியாக இறங்காதிருத்தலும், வெளியிலிருந்து காற்றைச் செலுத்துதலும், வாயுவை அளக்கும் கருவியைப் பயன்படுத்துதலுமே பாதுகாப்பு. நம் ஊரில் பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்குவோர் மாள்வதும் இவ்வாறே காற்றின்றியும் நச்சு வாயுவாலுமே. வேதியியல் படிப்பவர் இதனைத் தேர்வுக்காக மட்டும் படித்தல் போதாது. அக்கம்பக்கத்தாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மண்ணடியில் ஆறு மாதம்

சில வாரங்களில் பொங்குதல் அடங்கும். மேலே மிதந்த சாச்சா கீழே அமிழும். பின்னர், காற்றுக்கு இடமில்லாதபடி சாடியை விளிம்புவரை நிரப்பி, கல் மூடியிட்டு, ஈரக்களிமண்ணால் மெழுகி அடைப்பர். ஐந்து, ஆறு மாதங்கள் அதனைத் தொடுவதில்லை.

அந்த அமைதியிலும் உள்ளே வேலை நடக்கிறது. சில பாக்டீரியாக்கள், கூர்மையான புளிப்புடைய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. நம் தயிரின் புளிப்பும் இந்த லாக்டிக் அமிலமே. தோலிலிருந்தும் காம்பிலிருந்தும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இறங்குகிறது; அது ஒயின் காற்றுப்பட்டுக் கெடுவதை ஓரளவு தடுக்கிறது. சாடியின் கூம்பிய அடிக்கு இப்போது பொருள் விளங்கும். விதைகள் முதலில் அக்கூம்பினுள் இறங்கித் தங்குகின்றன. அவற்றின்மேல் மடிந்த ஈஸ்டு வண்டலாகப் படிந்து மூடுகிறது. விதையின் கசப்பு ஒயினில் மிகாமல் இருப்பதற்கு இந்த அமைப்பு துணை செய்கிறது.

இளவேனிலில் சாடியைத் திறந்து, தெளிந்த ஒயினை முகந்து வேறு சாடிக்கு மாற்றுவர். அடியில் தங்கிய சாச்சாவும் வீணாவதில்லை. அதனைக் காய்ச்சி வடித்து, அதே பெயருடைய கடுமது ஒன்றைச் செய்கின்றனர். அறுவடைக் காலத்தில் சாற்றின் ஒரு பகுதியை மாவு சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, நூலில் கோத்த அக்ரூட் பருப்பை அதில் தோய்த்துத் தோய்த்துக் காயவைத்து 'சுர்ச்சகேலா' என்னும் தின்பண்டம் செய்வதும் உண்டு. பார்வைக்கு மெழுகுவர்த்தி போல் இருக்கும் இதனைச் சிறுவர்கள் விரும்பி உண்பர்.

காலியான சாடியைத் துலக்குவதே மிகக் கடினமான வேலை. செரி மரத்தின் பட்டையைக் கட்டாகக் கட்டி, நீண்ட கழியில் பொருத்திய தூரிகையால் தேய்ப்பர். சாம்பல் நீரும் சுண்ணாம்பும் காரத்தன்மை உடையவை. அவை அமிலக் கறையைப் போக்குகின்றன. இறுதியில் கந்தகத்தைக் கொளுத்திப் புகை காட்டுவர். அதனால் உண்டாகும் சல்ஃபர்-டை-ஆக்சைடு கிருமிகளை அழிக்கிறது. துலக்குவதில் சிறு குறை இருப்பினும் அடுத்த ஆண்டின் ஒயின் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எண்ணாயிரம் ஆண்டுகள்

இம்முறை எவ்வளவு பழமையானது? ஜார்ஜியத் தலைநகர் திபிலீசிக்குத் தெற்கே உள்ள கடச்ரிலி கோரா, சுலாவெரி கோரா என்னும் மேடுகளில் கிடைத்த மட்பாண்ட ஓடுகளை அறிஞர்கள் ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். ஓடுகளில் ஊறியிருந்த பொருள் திராட்சை ஒயினின் எச்சமே என்றும், காலம் கி.மு. 6000 முதல் 5800 வரை என்றும் அவர்கள் கண்டனர். உலகில் திராட்சை ஒயினுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய வேதியியல் சான்றுகளில் இது முதன்மையானது.

எண்ணாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஓட்டில் ஒயினை எவ்வாறு கண்டறிந்தனர்? ஆல்கஹால் ஆவியாகிவிடும், சர்க்கரை சிதைந்துவிடும். எஞ்சுவது டார்டாரிக் அமிலம். அப்பகுதியில் இதனை மிகுதியாகக் கொண்ட கனி திராட்சையே. நமக்கும் இவ்வமிலம் புதியதன்று. நம் குழம்பிலும் ரசத்திலும் உள்ள புளிக்குப் புளிப்பைத் தருவது இதே டார்டாரிக் அமிலந்தான். இத்தகைய ஓடுகள் புளி விளையும் நம் நாட்டில் கிடைத்திருந்தால், இந்த ஒரு சான்றைக் கொண்டு எளிதில் முடிவுக்கு வர இயலாது. சான்றின் வலிமை இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

தமிழரும் திராட்சை ஒயினை முன்பே அறிந்திருந்தனர். யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது. மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடி ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. ஆனால் நமக்கு அது கடல் கடந்து வந்த பொருள். ஜார்ஜியருக்கு அது கொல்லையில் விளைந்த பொருள்.

ஆலையும் வீடும்

1921இல் ஜார்ஜியா சோவியத் ஆட்சியின்கீழ் வந்தது. ஒயின் அரசு ஆலைகளின் தொழிலாயிற்று. பரந்த சோவியத் நாடு முழுவதற்கும் ஒயின் அனுப்ப வேண்டியிருந்ததால் அளவே முதன்மை பெற்றது. மிகுந்த விளைச்சல் தரும் சில வகைகளே பெரும்பரப்பில் பயிராயின. அந்நாட்டுக்கே உரிய திராட்சை வகைகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை ஆலைக்கு வேண்டாதனவாயின. எஃகுத் தொட்டிகளும் சிமெண்டுத் தொட்டிகளும் இருக்கையில், மண்ணில் புதைத்த சாடியும் ஆலைக்கு வேண்டாததாயிற்று.

ஆனால் கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டையொட்டிச் சிறு நிலம் இருந்தது. அந்நிலத்தில் தாத்தா நட்ட கொடி இருந்தது. மரானியில் பழைய சாடி இருந்தது. ஆலைக்குக் கொடுத்தது போக, வீட்டுக்கென்று பழைய முறையிலேயே செய்துகொண்டனர். 1985இல் மதுவுக்கு எதிராக சோவியத் அரசு மேற்கொண்ட இயக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் பல வேரோடு அழிக்கப்பட்டன. 1991இல் நாடு விடுதலை பெற்றபின் உள்நாட்டுப் போரும் வறுமையும் சூழ்ந்தன. 2006இல் தன் பெருஞ்சந்தையாகிய ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. அத்தடை 2013 வரை நீடித்தது.

புதிய சந்தையைத் தேட வேண்டிய அந்நிலையில், பிற நாட்டார் செய்ய இயலாத ஒன்று தம்மிடம் உண்டா என்று ஜார்ஜியர் தேடினர். அது ஆலையில் கிடைக்கவில்லை. வீட்டு மரானியில் கிடைத்தது. 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் க்வெவ்ரி ஒயின் முறையை மானிடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்த ஒயின் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் செல்கிறது. எனினும் நாட்டின் மொத்த ஒயின் ஏற்றுமதியில் அதற்குள்ளது சிறு பங்கே. பெரிய சாடிகளை வனையத் தெரிந்த குயவர் குடும்பங்களும் மிகச் சிலவே. வனையும் கை இல்லாமற் போனால் முறையும் நிலைக்காது.

முடிவுரை

விதையைக் கடித்துப் பார்த்தவர்களுக்குப் பாலிஃபீனால் என்னும் சொல் தெரியாது. சாடியை விளிம்புவரை நிரப்பியவர்களுக்கு அசெட்டோபாக்டர் தெரியாது. சாம்பல் நீரால் கழுவியவர்களுக்குக் காரம், அமிலம் என்னும் பாடம் நடத்தியவர் எவருமில்லை. ஆயினும் ஒவ்வொரு படியிலும் அவர்கள் செய்தது சரியாகவே இருந்தது. பலநூறு தலைமுறைகள் கூர்ந்து நோக்கி, கெட்டதைத் தள்ளி, நல்லதைக் கொண்டதன் விளைவு அது. காரணத்தைப் பின்னர் வந்த அறிவியல் கூறிற்று. விளக்கின் சுடரைப் போலப் போதாதவற்றையும் அறிவியலே திருத்திற்று. மரபும் அறிவியலும் ஒன்றையொன்று சரிபார்க்கும் உறவுடையவை, பகையுடையவை அல்ல.

ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். உரிமமின்றி வீட்டில் மது செய்வது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி குற்றமாகும். ஆல்கஹால் புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் நாடு இது. ஆகவே ஜார்ஜியரிடமிருந்து நாம் கற்க வேண்டியது குடியை அன்று. வீட்டின் அறிவைக் காக்கும் பாங்கையே ஆகும்.

நம் வீடுகளிலும் அத்தகைய அறிவு உண்டு. மாவு பொங்கும் பக்குவமும், ஊறுகாய்க்கு உப்பிடும் அளவும், விதைநெல்லைக் காக்கும் முறையும் எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை. நம் பாட்டிமாரிடமும் அன்னையரிடமும் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கையிலெடுக்கும் மாணவர்கள், விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது அவற்றையும் கேட்டு, காரணத்தோடு எழுதி வைப்பார்களாயின் அதுவும் சிறந்த ஆய்வே ஆகும்.